பழைய எலக்ட்ரிக் கிதாரைப் புதுப்பிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பழைய எலக்ட்ரிக் கிதாரைப் பிரித்து, பெயின்ட்டை உரித்து, புதிதாக அடித்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக் கம்பி கட்டியதும் ஒரே தடவையில் எல்லாம் சரியாக அமைவது அபூர்வம். ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) உறுமல் வரும், ஏதோ ஒரு ஃப்ரெட்டில், அதாவது கிதாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஒன்றில், கம்பி அதிரும், நெக் சேரும் ஓரத்தில் பெயின்ட் கீறும். இந்தக் கோளாறுகளில் பலவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது ஆரம்பித்த இடம் அதற்கு இரண்டு மூன்று வேலைகளுக்கு முன்னால். டியூனிங் நிற்கவில்லை என்று கம்பியை முறுக்கும் கீயை மாற்றுவார்கள். காரணம், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் ஸ்க்ரூ ஓட்டைக்குள் இறங்கிய பெயின்ட்டாக இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசையோடு எழுதியிருக்கிறேன்.

மாதிரிக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். 1954ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் கம்பெனி கொண்டுவந்த அந்த வடிவத்தைத்தான் உலகம் முழுக்க அதிகம் நகல் எடுத்திருக்கிறார்கள். பழைய கிதார் என்று நம் கைக்கு வருவதிலும் அந்த நகல்களே அதிகம். நெக் நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப், சுவிட்ச், வால்யூம், டோன் எல்லாம் பாடியின் முகப்பில் மாட்டிய பிக்கார்டு என்ற ஒரே தகட்டில் தொங்குகின்றன. வீட்டில் பிரித்து மாட்ட இதைவிட வசதியான கிதார் கிடையாது. நெக்கைக் கோந்து போட்டு ஒட்டிய லெஸ் பால் வகைக்கும் பெயின்ட், ஒயரிங் பகுதிகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

முதலில், உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். ஃபெண்டர் கிதார்களில் பல வருடங்கள் நெக்கின் அடிப்பகுதியில், பாடிக்குள் மறைந்திருக்கும் இடத்தில், தேதி எழுதியோ முத்திரை குத்தியோ இருக்கும். ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது 1965ல். அதற்கு முந்தைய அசல் கிதார் என்றால் பெயின்ட்டைத் தொடவே வேண்டாம். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பழைய பெயின்ட்டுக்குத்தான் விலை. உரித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்தது, பிரிப்பதற்கு முன்பே கம்பி கட்டி நன்றாக வாசித்துப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த ஃப்ரெட்டில் அதிர்கிறது, எந்த சுவிட்ச் நிலையில் சத்தம் மெலிகிறது, டியூனிங் நிற்கிறதா, பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடில்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன. ஒயரிங்கை இரண்டு பக்கத்திலிருந்தும் போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கோளாறு வரும்போது அது பழையதா, பெயின்ட் வேலையில் வந்ததா என்று இந்தத் தாள்தான் சொல்லும். நெக்கும் ஃப்ரெட்டும் கெட்டிருந்தால் அதைப் பெயின்ட்டுக்கு முன்பே சரிசெய்யுங்கள். பளபளப்பாக பாலிஷ் போட்ட பாடியை வைத்துக்கொண்டு சுத்தியல் பிடிக்கும் நிலை வரக்கூடாது.

பழைய பெயின்ட் உரிய மாட்டேன் என்கிறது

எந்த வகைப் பெயின்ட் என்று தெரியாமல் ரிமூவரை ஊற்றாதீர்கள். பிக்கார்டுக்கு அடியில் மறைவான ஓரிடத்தில் பஞ்சில் அசிட்டோன் தொட்டு அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பெயின்ட் இளகிப் பிசுபிசுத்தால் அது என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அல்லது அக்ரிலிக் லாக்கர். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். 1960களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் போய்விட்டதால், பின்னால் வந்த விலை குறைந்த கிதார்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அடுக்கு கண்ணாடிபோலத் தடியாக இருக்கும்.

பாலியெஸ்டரைத் தின்னர் ஒன்றும் செய்யாது. உப்புத்தாளால் தேய்த்தால் நாள் கணக்கில் ஆகும், பாடியின் வளைவுகளும் கெட்டுப்போகும். இதற்கு வழி ஹீட் கன். ஒரே இடத்தில் பிடிக்காமல் உள்ளங்கை அகலத்துக்கு அசைத்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் மேல்பரப்பு மங்கி, சின்னக் கொப்புளங்கள் எழும். அந்த நேரத்தில் முனை மழுங்கிய பட்டி பிளேடை சாய்வாக அடியில் செலுத்தினால் பெயின்ட் தகடு தகடாகக் கிளம்பிவரும். கொப்புளம் எழும் முன் நெம்பினால் மரமும் சேர்ந்து சிராய்ந்து வரும். மரம் பழுப்பாகத் தொடங்கினால் சூடு அதிகம். கலருக்கு அடியில் சில கிதார்களில் கெட்டியான, நிறமற்ற சீலர் அடுக்கு ஒன்று இருக்கும். நீங்கள் அடிக்கப்போவது மரம் தெரியாத கலர் என்றால் அதை எடுக்க மெனக்கெட வேண்டாம். சமப்படுத்தி அதன்மேலேயே அடிக்கலாம், அதைவிட நல்ல அடித்தளம் வீட்டில் அமையாது.

அசிட்டோனில் இளகிய பெயின்ட்டுக்கு ஹீட் கன் கூடவே கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் மிக வேகமாகத் தீப்பிடிக்கும். அதற்குத் தின்னர் நனைத்த துணிதான் சரி, அந்த அறையில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. தின்னர் ஊறிய துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். மாஸ்க் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும்: என்-95 தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி கார்ட்ரிஜ் உள்ள மாஸ்க்தான். மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உலர்வாகத் தேய்க்காமல் ஈரத்தோடு தேய்ப்பது நல்லது.

உரித்ததும் உள்ளே ப்ளைவுட் தெரிகிறது

பயப்பட ஒன்றுமில்லை. பழைய மலிவு நகல்களில் இது சகஜம், சத்தமும் அதனால் கெட்டுவிடாது. ஆனால் மரத்தின் ரேகை தெரியும்படி பாலிஷ் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஓரங்களில் அடுக்குகளின் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். கெட்டிக் கலர்தான் இதற்குப் பொருத்தம். ஓரத்து அடுக்குகள் ஈரத்தை அதிகம் குடிக்கும், அங்கே சீலர் இரண்டு மூன்று முறை கூடுதலாக வேண்டும்.

நல்ல மரத்தில் குழி விழுந்திருந்தால் உடனே பட்டி வைக்காதீர்கள். மரநார் அறுபடாமல் அமுங்கிய குழி என்றால், ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டி முனையால் சில நொடிகள் தொட்டால் ஆவியில் மரம் உப்பித் தானே மேலே வரும். நார் அறுந்த இடத்துக்கு மட்டும் பட்டி.

அடித்த லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிட்டது

நம் ஊரில், அதிலும் கடற்கரை ஊர்களில், என்.சி. லாக்கர் அடிப்பவர்களுக்கு முதலில் வரும் தலைவலி இதுதான். அடித்த சில நிமிடங்களில் மேல்பரப்பு பால் கலந்த தண்ணீர்போல மங்கும். கறுப்பு, சிவப்புக் கலரில் பளிச்சென்று தெரியும்.

காரணம் பெயின்ட்டிலும் இல்லை, கையிலும் இல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூடு குறைகிறது. காற்றில் ஈரம் அதிகம் என்றால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து லாக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. விலை குறைந்த தின்னர் வேகமாக ஆவியாகும், அதனால் பூப்பும் அதிகம்.

பூத்துவிட்டால் உடனே உப்புத்தாளைத் தேடாதீர்கள். பல நேரம் லேசான பூப்பு, வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் தானே தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் பெயின்ட் கடையில் ரிடார்டர் என்று கேட்டு வாங்கி, அதை மட்டும் மிக மெல்லிய படலமாக மேலே ஸ்ப்ரே செய்யுங்கள். அது லாக்கரை மறுபடி இளக்கி, உள்ளே சிக்கிய ஈரத்தை வெளியேற விடும். என்.சி. லாக்கரின் பெரிய சௌகரியம் இதுதான். ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும், அதனால் எந்தத் தப்பையும் திருத்த முடியும்.

அடுத்த அடுக்கிலிருந்து தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிடார்டர் கலந்துகொள்ளுங்கள். அதற்குமேல் கலந்தால் காயாமல் இழுத்துக்கொண்டே போகும். ஆனால் உண்மையான தீர்வு நேரம் பார்த்து அடிப்பதுதான். காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் என்றால் அன்று ஸ்ப்ரே கன்னை எடுக்காதீர்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. கோடையிலும் அதிகாலையைவிட, பத்து மணிக்குமேல் வெயில் ஏறிய பிறகு நிழலில் அடிப்பது பலன் தரும். ஏசி அறையிலிருந்து குளிர்ந்த பாடியை வெளியே கொண்டுவந்து அப்படியே அடிக்கக்கூடாது, ஒரு மணி நேரமாவது வெளியே இருக்கட்டும்.

பெயின்ட் வட்ட வட்டமாக விலகி ஓடுகிறது

சின்னக் குழிகள், நடுவில் மரமோ கீழ் அடுக்கோ தெரியும், சுற்றிலும் பெயின்ட் கரை கட்டியிருக்கும். இது சிலிக்கான் எண்ணெயின் வேலை. பல ஆண்டுகளாகக் கிதாரைத் துடைத்த பாலிஷ், கீயில் அடித்த ஸ்ப்ரே, கார் டேஷ்போர்டு பாலிஷ், இவற்றில் எது பட்டிருந்தாலும் மரத்துக்குள் இறங்கி நிற்கும். உப்புத்தாள் அதை எடுக்காது, இன்னும் பரப்பத்தான் செய்யும்.

அடிப்பதை நிறுத்திவிட்டுக் காயவிடுங்கள். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவத்தைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். அது காயும் முன் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது துணிதான் முக்கியம். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். பிறகு குழிகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு மெல்லிய அடுக்கு கொடுங்கள். அரக்கு கீழே இருப்பதைப் பூட்டிவிடும், மேலே லாக்கர் தங்கும்.

இதே காரணத்துக்காக, கன்ட்ரோல்களைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைப் பெயின்ட் அடிக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள்.

சுருக்கம், ஒழுகல், ஆரஞ்சுத் தோல்

அடித்ததும் பெயின்ட் சுருங்கி மடிந்தால், கீழே இருக்கும் எனாமலை மேலே வந்த காரமான தின்னர் கிளப்பிவிட்டது என்று அர்த்தம். ஸ்ப்ரே டின்களைக் கலந்து வாங்குபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஒட்டு வேலை உதவாது. சுருங்கிய இடம் முழுவதையும் அடிவரை எடுத்துவிட்டு, பிரைமரிலிருந்து, கடைசியில் வரும் நிறமற்ற கிளியர் வரை ஒரே வகையில் போங்கள்.

ஒழுகலை ஈரத்தில் தொடக்கூடாது. நன்றாகக் காய்ந்தபின் பிளேடின் இரு ஓரத்திலும் செல்லோ டேப் சுற்றி, நடுவில் மட்டும் முனை தெரியும்படி வைத்து ஒழுகலைச் சீவுங்கள். டேப்பின் கனம் சுற்றியிருக்கும் பரப்பைக் காப்பாற்றும்.

ஆரஞ்சுத் தோல்போலப் பொரிந்திருந்தால் பெயின்ட் கெட்டியாக இருந்தது, அல்லது கன்னைத் தூரப் பிடித்தீர்கள். கிளியர் போதுமான கனம் இருந்தால் 800, 1200, 2000 என்று வாட்டர் பேப்பரில் இறங்கி, ரப்பிங் காம்பவுண்டில் முடிக்கலாம். பாடியின் விளிம்புகளில் கை வைக்கும்போது மட்டும் நிதானம். தட்டையான இடத்தில் நூறு தேய்ப்பு தாங்கும் கிளியர் விளிம்பில் சில தேய்ப்பிலேயே கலர் வரை போய்விடும். ஸ்க்ரூ ஓட்டைகளுக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, சுற்றிலும் பெயின்ட் வெடிக்கும். வாட்டர் பேப்பர் பிடிக்கும் முன் ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை

பாடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. அடுக்குகளை அவசரமாக, தடியாகக் கொடுத்தால் மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே தின்னர் அடைபடும். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. என்.சி. லாக்கருக்கு பாலிஷ் போடும் முன் மூன்று நான்கு வாரம் விடுவது முறை. அவசரப்பட்டுப் பளபளப்பாக்கினால், தின்னர் போகப் போகப் படலம் இறங்கி மரரேகைகள் கோடுகோடாக மேலே தெரிய ஆரம்பிக்கும்.

காய்ந்த கிதாரில் ஸ்டாண்ட் பட்ட இடம் மட்டும் பிசுபிசுத்தால் அது வேறு கதை. சில ஸ்டாண்டுகளின் ரப்பர், வினைல் மெத்தைகள் என்.சி. லாக்கரை இளக்கிவிடும். பருத்தித் துணி சுற்றி வையுங்கள்.

ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது, பளபளப்பும் உறுதியும் அதிகம். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சாதாரண கார்ட்ரிஜ் மாஸ்க்கை நம்பி வீட்டில் ஸ்ப்ரே செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பி.யு.தான் வேண்டும் என்றால் தேய்ப்பு வேலையெல்லாம் நீங்கள் முடித்து, கடைசி அடுக்கை மட்டும் பூத் வைத்திருக்கும் கார் பெயின்ட்டரிடம் கொடுங்கள்.

நெக் உட்காரவில்லை, மாட்டினால் ஓரத்தில் பெயின்ட் கீறுகிறது

நெக் உட்காரும் குழிக்குள் பெயின்ட் ஏறியிருக்கிறது. அந்தக் குழி தொழிற்சாலையில் மிக நெருக்கமாக வெட்டப்பட்டது. பக்கவாட்டில் புதிதாக ஏறிய பெயின்ட் கனமே நெக்கைத் தடுக்கப் போதும். அழுத்தித் திணித்தால் மூலையிலிருந்து கீறல் ஓடும். குழியின் உள்பக்கத்தை மரக்கட்டையில் சுற்றிய 220 நம்பர் உப்புத்தாளால் மரம் தெரியும்வரை எடுங்கள், மேல் விளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்த்து.

குழியின் தரை இன்னும் முக்கியம். அங்கே பெயின்ட் ஒரு பக்கம் தடிப்பாக இருந்தால் நெக் சாயும். அது சேடில் உயரத்தில்தான் வெளியே தெரியும். சேடில்களை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாக நின்றால், முதலில் குழியின் தரையைப் பாருங்கள். தரை சுத்தமாக இருந்தும் அப்படியே என்றால் குழியின் பிரிட்ஜ் பக்கக் கோடியில் கால் மி.மீ. கனமுள்ள மெல்லிய அட்டை வைத்தால் போதும், சேடில்களுக்கு மேலே ஏற இடம் கிடைத்துவிடும்.

ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால் ஓட்டையில் பல்குச்சியும் மரக்கோந்தும் வைத்துக் காயவிட்டு, வெட்டிவிட்டு, மறுபடி சரியான அளவில் துளையிடுங்கள். ஸ்க்ரூவில் மெழுகுவத்தி தேய்த்து முறுக்கினால் மரம் பிளக்காது.

சத்தமே வரவில்லை

ஆம்ப்பையும் கேபிளையும் வேறு கிதாரில் போட்டுப் பார்த்துவிட்டீர்கள் என்றால், பிக்கார்டைக் கழற்ற வேண்டாம். மல்டிமீட்டர் ஒன்று போதும். கேபிளின் ஒரு முனையைக் கிதாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வையுங்கள். 20 கிலோ ஓம் அளவில் தொடங்கி, எண் காட்டவில்லை என்றால் மேல் அளவுக்குப் போங்கள். வால்யூமை முழுவதும் திறந்து, சுவிட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் படியுங்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் தனித்தனி நிலைகளில் சுமார் 5 முதல் 7 கிலோ ஓம் காட்ட வேண்டும். இரண்டு பிக்கப் சேரும் இரண்டாம், நான்காம் நிலைகளில் ஏறக்குறைய பாதி வரும். இப்படி வந்தால் கிதாருக்குள் பெரிய குறை இல்லை.

பூஜ்யம் காட்டினால் எங்கோ சிக்னல் ஒயர் எர்த்தைத் தொடுகிறது. புதிதாகக் காப்பர் ஃபாயில் ஒட்டியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபிள் செருகும் ஜாக்கின் நாக்கோ, சுவிட்சின் கால்களோ ஃபாயிலை உரசும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஜாக்கில் ஒயர் விட்டிருக்கிறது. ஜாக் நட் லூசாகி ஜாக் சுற்றும்போது ஒயர் முறுகி அறுவது வழக்கம்.

சுமார் 250 கிலோ ஓம் காட்டினால் என்ன? அது வால்யூம் கன்ட்ரோலின் அளவு. அதாவது ஜாக் முதல் வால்யூம் வரை எல்லாம் சரி, அதற்கு அப்பால் பிக்கப்போ சுவிட்சோ தொடர்பு விட்டுவிட்டது. ஒரே ஒரு நிலையில் மட்டும் இப்படி வந்தால் அந்தப் பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் நேராக அளந்து பாருங்கள். அங்கும் தொடர்பு இல்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. சுருளின் கம்பி சுமார் 0.06 மி.மீ. தடிமன்தான். ஆனால் அறுவது பெரும்பாலும் வெளி ஒயரோடு சேரும் முனையில். பூதக்கண்ணாடியில் அந்த முனையைப் பார்த்துச் சால்டர் வைத்தால் பிழைத்துவிடும் பிக்கப்கள் உண்டு. பிக்கப்பைத் தின்னர் துணியால் துடைக்கவே கூடாது, சுருளின் மேல் இருக்கும் இன்சுலேஷன் கரைந்துவிடும்.

உறுமல்

எதைத் தொட்டால் உறுமல் மாறுகிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் எர்த் ஒயரிங் சரியாக இருக்கிறது. உங்கள் உடம்பு வாங்கும் இரைச்சல் எர்த்துக்குப் போகிறது, அவ்வளவுதான். மிச்சம் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு. கிதாரோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் உறுமல் அடங்கினால் அது டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர்களின் காந்தப்புலத்திலிருந்து வருவது. காப்பர் ஃபாயில் எவ்வளவு ஒட்டினாலும் அது போகாது. ஃபாயில் நிறுத்துவது டியூப் லைட், டிம்மர் போன்றவற்றிலிருந்து வரும் கரகரப்பான இரைச்சலைத்தான்.

கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுவிட்டது. பெயின்ட் வேலைக்குப் பிறகு மிக அதிகமாக வரும் கோளாறு இது. பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் அந்த ஒயர் சேர வேண்டும். தகடு பெரிது, சூட்டை உறிஞ்சிவிடும். 25 வாட் அயர்னில் ஈயம் மேலே உருண்டையாக உட்காருமே தவிரப் பிடிக்காது. தகட்டின் பூச்சை அரத்தால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிந்தபின், ஃப்ளக்ஸ் தொட்டு, 60 வாட் அயர்னால் வையுங்கள். ஈயம் உருண்டையாக நிற்காமல் தட்டையாகப் பரவினால்தான் பிடித்திருக்கிறது. கம்பிக்கும் ஜாக்கின் தண்டுக்கும் இடையே மீட்டர் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும்.

தொட்டால் உறுமல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன.

கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கையோ வேறு உலோகத்தையோ தொடும்போது சுரீர் என்றால் உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். கோளாறு கிதாரில் இல்லை, ஆம்ப்பிலோ வீட்டு எர்த்திங்கிலோ. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஷாக் அடிக்கிறது என்று கிதாரின் எர்த் ஒயரை வெட்டிவிடச் சொல்பவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் மறுபடி ஆம்ப்பைப் போட வேண்டும்.

இரண்டு பிக்கப் சேரும் நிலையில் மட்டும் சத்தம் சோகையாக இருக்கிறது

மூக்கால் பேசுவதுபோல, அடிநாதம் இல்லாமல் வந்தால் இரண்டு பிக்கப்களும் எதிரெதிராக இணைந்திருக்கின்றன. ஒரு பிக்கப்பின் ஒயர்களில் மீட்டரை வைத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையைக் காந்தத்தின் மேல் சட்டென்று வைக்கும்போது எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். மீட்டர் முனைகளை மாற்றாமல் மற்றவற்றையும் அப்படியே பாருங்கள். மாறி நடக்கும் பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் வையுங்கள். அதன் உலோக மூடியோ அடித்தகடோ எர்த் ஒயரோடு சேர்ந்திருந்தால் அதை முதலில் தனியாகப் பிரித்து எர்த்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சிக்னலாக மாறி இரைச்சலை வாங்கும்.

கம்பி அதிர்கிறது

எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாத திறந்த கம்பியில் மட்டும் அதிர்ந்தால், நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் மேல் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்குமேல் பாருங்கள். மயிரிழை இடைவெளியாவது இருக்க வேண்டும்.

முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் அதிர்ந்தால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேபோ கிளிப்பை மாட்டி, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, ஏழு எட்டாம் ஃப்ரெட் அருகே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் செருகுங்கள். பைக் உதிரிபாகக் கடையில் கிடைப்பதே போதும். 0.25 மி.மீ. அளவு இருக்க வேண்டும். குறைவு என்றால், நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை இடப்பக்கம் கால் சுற்று தளர்த்தி, டியூன் செய்து மறுபடி அளந்து பாருங்கள். திருகவே வராத ராடைப் பலம் போட்டுத் திருப்பாதீர்கள், உள்ளே முறிந்தால் நெக்கே போய்விடும்.

நெக் சரியாக இருந்து ஒரே ஒரு இடத்தில் அதிர்ந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. மூன்று ஃப்ரெட்களின் மேல் நேரான உலோகத் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள், நடு ஃப்ரெட்டில் ஆடினால் அதுதான். அரத்தை எடுக்கும் முன் அந்த ஃப்ரெட்டை விரலால் அமுக்குங்கள். லேசாக அசைந்தால் அது கிளம்பி வந்தது. தட்டி உட்கார வைத்து ஓரத்தில் ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் க்ளூ போதும். பழைய கிதார்களில் அரத்துக்கு வேலையில்லாமல் இப்படியே முடிந்துவிடும் அதிர்வுகள் நிறைய.

டியூனிங் நிற்கவில்லை

புதுக் கம்பி இழுபட்டு நிலைக்க ஒரு நாள் கொடுங்கள். அதன்பிறகும் நிற்கவில்லை என்றால், எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்து பெண்ட் செய்தபின் சுருதி இறங்கி, பிரிட்ஜை அசைக்கும் டிரெமலோ பாரை அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நின்றால் இரண்டுக்கும் ஒரே காரணம்: மேல் நட்டில் கம்பி சிக்குகிறது. டியூன் செய்யும்போது டிக் என்று கேட்பதும் அதனால்தான். பென்சில் தூளைப் பள்ளத்தில் தடவிப் பாருங்கள், குணம் தெரிந்தால் பள்ளத்தைக் கம்பியின் அளவுக்குச் சீர் செய்யலாம்.

நட்டில் குறையில்லை என்றால் பிரிட்ஜ். ஆறு ஸ்க்ரூ வகையில் ஆறையும் இறுக்கி வைத்தால் பிரிட்ஜ் ஒரே இடத்துக்குத் திரும்பி வராது. இரு ஓர ஸ்க்ரூக்கள் அச்சாக நிற்க, நடு நான்கும் தகட்டை அழுத்தாமல் சற்று உயர்ந்திருக்கட்டும். தகட்டுக்கு அடியில் பெயின்ட் மேடு கட்டியிருக்கிறதா, பின்குழியின் சுவரில் பிரிட்ஜின் இரும்புக் கட்டை உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உரசிய இடத்தில் புதுப் பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

டியூன் சரி, மேல் ஃப்ரெட்களில் சுருதி விலகுகிறது

இதைக் கடைசியில்தான் தொட வேண்டும். நெக் வளைவு, கம்பி உயரம் எது மாறினாலும் இதுவும் மாறும். 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு. சேடிலுக்கு நகர இடமே இல்லை என்றால் அளவு நாடாவை எடுங்கள். ஃபெண்டர் அளவில் மேல் நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை 323.85 மி.மீ. அங்கிருந்து மெல்லிய முதல் கம்பியின் சேடில் வரையும் கிட்டத்தட்ட அதே அளவு, தடித்த ஆறாம் கம்பிக்குச் சில மி.மீ. கூடுதல். முன்பு வைத்திருந்தவர் வேறு அளவுள்ள நெக்கை மாட்டியிருந்தால் இந்த அளவிலேயே தெரிந்துவிடும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும், ஆறாம் கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டுக்குமேல் போனால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவதுபோலக் கேட்கலாம். டியூனர் முள்ளும் ஓரிடத்தில் நிற்காது. பிக்கப் காந்தங்கள் கம்பியைப் பிடித்து இழுக்கின்றன. பிக்கார்டைத் திரும்ப மாட்டும்போது பிக்கப்பை மேலே ஏற்றி வைத்ததால் வந்தது. கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியின் அடியிலிருந்து காந்தத்தின் தலை வரை அளந்து, ஆறாம் கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் 2 மி.மீ. வரும்வரை பிக்கப்பை இறக்குங்கள். நெக் பிக்கப்பை இன்னும் சற்று இறக்கினாலும் தப்பில்லை. அப்புறம் சேடில்களை மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள்.